ஓடை சிவந்த அன்று

ஒரு ஊரே குளிக்கிற ஓடையில் சாயத்தைக் கொட்டினேன். அதுவும் பாடம் நடத்துகிறேன் பேர்வழி என்று. நீர்வளம் படிப்பிப்பது வெளியார் கண்ணுக்குச் சுகமான தொழில். பிள்ளைகளை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு களப்பயணம் போன வாத்தியார்மாருக்குத் தெரியும் அந்தச் சுகம். யுத்தம் முடியாத காலம். நான் மாத்தளை ஆள். வேலை கண்டிப் பக்கம் ஒரு பல்கலைக்கழகத்தில்.

முறைப்பாடு

காடு மழையைப் பிடித்து வைக்கிறது. சதுப்பு தண்ணீரை வடிகட்டுகிறது. இவை சூழல்தொகுதிச் சேவைகள், கேட்காமலே கிடைப்பவை என்று பலகையில் எழுதினேன். கலேவெலப் பையன் ஒருவன் எழும்பினான். தகப்பன் வயல் செய்கிறவர். அந்தப் போகம் அவர்கள் வாய்க்காலுக்குத் தண்ணீரே வரவில்லை. என்னடா என்றேன். “சேர், இந்தச் சேவைய நிப்பாட்டிட்டா எந்தக் கந்தோர்ல போய் முறைப்பாடு குடுக்குறது?”

வரைபடம்

பயணத்தன்று வழியில் சோதனைச் சாவடி. எல்லாரையும் இறக்கினார்கள். அடையாள அட்டையைப் பார்த்துவிட்டுப் பிள்ளைகளை ஏற்றிவிட்டார்கள். என்னை மட்டும் நிறுத்தினார்கள். அட்டையில் தமிழ்ப் பெயர். பையில் ஓடையும் குளமும் சிவப்பு மையால் வட்டமிட்ட வரைபடம். போதாதா?

கையைத் தூக்கச் சொல்லித் தடவினார்கள். பிள்ளைகள் மறுபக்க யன்னலால் வெளியே பார்த்தார்கள். அதுதான் அதிகம் சுட்டது. சோதித்த சிப்பாய்க்கு என் மாணவர் வயதுதான் இருக்கும். வரைபடத்தைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டான். “குளம் எங்கயும் ஓடிப்போகாது மாத்தயா, இத வச்சு நீங்க என்ன செய்யப் போறீங்க?”

முழுப் போத்தல்

என்னை விட்டார்கள், வரைபடத்தை விடவில்லை. அது இல்லாமல் போக நினைத்த இடத்துக்கு வழி தெரியவில்லை. அலுவிகாரை தாண்டி ஒரு சந்துக்குள் திருப்பி, கண்ணில் பட்ட முதல் ஓடையில் நிறுத்தினேன். வளைவுக்குக் கீழே என்ன இருக்கிறதென்று பார்க்கவில்லை. மேலே சாயம் போட்டு, கீழே நேரம் பார்த்தால் நீரோட்டத்தின் வேகம் தெரியும். ஓர் இலையை மிதக்கவிட்டிருந்தாலும் போதும். கொண்டுபோனது கிருமி சாகக் கிணற்றுக்குப் போடுகிற ஊதா நிறக் கொண்டிஸ் தூள். “கரண்டியால கொஞ்சமாப் போடுங்க சேர்” என்றார் கூட வந்த ஆய்வுகூட உதவியாளர். சாவடிக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. போத்தலையே கவிழ்த்தேன்.

கத்தரிப்பூச் சிவப்பில் தண்ணீர் வளைவைத் தாண்டிப் போனது. அங்கிருந்து அலறல் கேட்டது. குளிக்கும் துறை! பெண்கள் ஈரத் துணிகளோடு மேலே வந்தார்கள். ஒருத்தி கையில் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டை, அதில் கபிலத் திட்டுகள். பின்னால் ஆண்கள். நான் சிங்களத்தில் செறிவு, ஐதாக்கல் என்று தொடங்கினேன். யாருக்கு வேண்டும் அது? ஒருவன் முகத்துக்கு நேரே வந்தான். “தண்ணிக்கு நஞ்சு போட்டியா? மொதல்ல ஒன் பேரச் சொல்லு!”

தேசிக்காய்

சொல்லவில்லை. அப்பா வைத்த பேர், நாக்கில் வரவில்லை. இன்றைக்கும் கூசுகிறது. பையன்கள் மெல்ல பஸ் பக்கம் நகர்ந்தார்கள். பொலிசைக் கூப்பிடு என்று யாரோ கத்தினார்கள். கூப்பிட்டிருந்தால் அந்தக் காலத்தில் நான் எப்போது வீடு திரும்பியிருப்பேனோ.

வகுப்பில் வாயே திறக்காத ஒருத்தி இருந்தாள், உக்குவளை ஊர்ப் பர்ஸானா. சப்பாத்தைக் கழற்றாமலே ஓடையில் இறங்கினாள். “அக்கே, இது கெணத்துக்குப் போடுற கொண்டிஸ். கொஞ்சம் கூடிப்போச்சு. தேசிக்கா இருந்தா தாங்க” என்றாள் சிங்களத்தில். பக்கத்து வீட்டிலிருந்து வந்தது. வெள்ளைச் சட்டையைக் கல்லில் விரித்து, தேசிக்காயை வெட்டிப் புளிச்சாறு சொட்டத் தேய்த்தாள். தேய்க்கத் தேய்க்கக் கபிலம் போனது. அடுத்தவள் தன் துணியையும் நீட்டினாள். ஒரு கிழவி சிரித்தே விட்டாள். பேர் கேட்ட ஆள் மட்டும் விடவில்லை, யார் இந்த மனுஷன் என்று மறுபடி கேட்டான். பர்ஸானா தலை நிமிராமலே சொன்னாள்: “எங்க சேர்தான் மாமே. ஆள் கொஞ்சம் அவசரக்காரர், வேற ஒண்ணுமில்ல.”

நீர்வளம் படிப்பிக்கச் சம்பளம் எடுத்தவன் நான், அன்றைக்குப் பாடத்தை முடித்து என்னை பஸ்ஸில் ஏற்றியவள் பர்ஸானா.