பன்னிரண்டு கௌபாய்களும் என் பெயரும்

போன ஞாயிறு மத்தியானம் பக்கத்து வீட்டு இளம் பெண் கதவைத் தட்டினாள். முகத்தில் கலவரம். "உங்கள் வீட்டில் துப்பாக்கிச் சத்தம் கேட்கிறது... எல்லாம் ஓகேதானே?"

"ஸாரி... கௌபாய்கள்" என்றேன். வேறென்ன சொல்ல?

உள்ளே என் கணவர் டிவி சத்தத்தை உச்சத்தில் வைத்து, பழைய ஹாலிவுட் பாட்டுப் படம் பார்த்துக்கொண்டிருந்தார். குதிரைகள், கூண்டு வண்டிகள், புழுதி, சண்டைக்கு நடுவில் திடீரென்று ஒரு டான்ஸ் — அந்த வகை.

விஷயம் இதுதான். இவருக்குக் காது மந்தமாகிவிட்டது. கிளினிக்கில் கொடுத்த ஹியரிங் எய்ட் இரண்டு மாதமாக மேசை லாச்சிக்குள் தூங்குகிறது. கேட்டால், "எனக்கென்ன செவிடே? நீர்தான் மெல்லக் கதைக்கிறீர்" என்கிறார். நான்! மெல்ல! நான் போனில் கதைத்தால் நாங்கள் இருக்கிற வால்தம்ஸ்டோப் பகுதி முழுக்கக் கேட்கும் என்று என் பிள்ளைகளே சொல்வார்கள்.

முன்பெல்லாம் எதற்கும் "ஆ?" என்பார். இப்போது அதுவும் இல்லை, சும்மா தலையாட்டுகிறார். "கறிக்கு உப்புப் போதுமே?" தலையாட்டல். "வீடு பத்தி எரியுதப்பா!" அதற்கும் தலையாட்டல். முதலில் சிரிப்பாக இருந்தது. இப்போது பயமாக இருக்கிறது. ஒரே சோபாவில் பக்கத்தில் இருந்துகொண்டே இந்த மனிசன் என்னை விட்டுத் தூரப் போய்க்கொண்டிருக்கிறார்.

பக்கத்து வீட்டுப் பெண் போனதும் ரிமோட்டைப் பறித்தேன். சத்தத்தை நிறுத்தி, சப்டைட்டிலைப் போட்டுவிட்டேன். வாசிக்கட்டும்!

இந்தப் படங்களோடு எங்களுக்குப் பழைய உறவு. நான் கல்யாணம் முடித்து லண்டன் வந்த புதிதில் எங்களுக்கு ஒரே ஒரு அறை. இவருக்குப் பெட்ரோல் ஸ்டேஷனில் ஷிப்ட், ஞாயிறு மட்டும் லீவு. யாரோ தந்த டிவியில் அன்று மத்தியானம் இப்படி ஏதாவது ஓடும். என் இங்கிலீஷ் 'தேங்க் யூ'வோடு முடிந்துவிடும். ஆனால் இதற்கு இங்கிலீஷ் எதற்கு? வெள்ளைத் தொப்பி போட்டவன் நல்லவன். மீசைக்காரன் கெட்டவன். முதல் பாட்டில் நல்லவனோடு சண்டை பிடிக்கிற பெண் கடைசிப் பாட்டில் அவனையே கட்டுவாள்.

படத்தில் குடும்பம் குடும்பமாகச் சட்டி பானையோடு வண்டியில் வந்து இறங்குவார்கள். ஒரே பாட்டில் வீடு எழும்பிவிடும்! விசாக் கடிதத்துக்காகத் தபால்காரரின் காலடிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்த எங்களுக்கு அது எப்படி இருந்திருக்கும்? அவர்கள் வீடு கட்டிய அந்தக் காணி முதலில் யாருடையது என்று எந்தப் பாட்டிலும் வராது. சொந்த வீட்டை விட்டு ஓடி வந்த நாங்கள்கூட அன்றைக்கு அதைக் கேட்கவில்லை... இன்று கேட்கத் தோன்றுகிறது. ஆனாலும் அந்தப் பாட்டு வந்தால் கால் தன்பாட்டில் தாளம் போடுகிறது. என்ன செய்ய?

ஒரு படத்தில் பன்னிரண்டு பேர் குதிரையில் பாடிக்கொண்டு வருவார்கள். இவர் என் கையைத் தட்டி, "கேட்டீரே? உம்மடை பேரைத்தான் பாடுறாங்கள்" என்றார். காதைக் கொடுத்தேன். ஓம்! "கமலம்... கமலம்..."

நம்பிவிட்டேன். அந்தப் படத்தில் வந்த மஞ்சள் பாவாடைக்காரியின் பெயரும் கமலம் என்றே நினைத்தேன்.

பிறகு மாலை நேர இங்கிலீஷ் வகுப்புக்குப் போனேன். இடைவேளை முடிந்து எல்லோரும் மெதுவாக நடக்க, டீச்சர் கையைத் தட்டிச் சொன்னார்: "கம் அலாங், கம் அலாங்!" எல்லோரும் கால்களை எட்டிப் போட்டார்கள். நான் மட்டும் அப்படியே நின்று, "யெஸ், மிஸ்?" என்றேன்.

வீட்டுக்கு வந்து இவரிடம் மூச்சு விடவில்லை. கட்டிய மனிசியிடம் நேரே ஒரு அன்பு வார்த்தை சொல்ல வெட்கப்படுகிறவர், பன்னிரண்டு கௌபாய்களைப் பிடித்துச் சொல்ல வைத்திருக்கிறார். அதைத் திருத்த நான் யார்?

சரி, போன ஞாயிற்றுக்கு வருவோம். சத்தமில்லாத டிவியில் அதே பன்னிரண்டு குதிரைகள்! என்றோ பார்த்த அதே படம். கீழே எழுத்து ஓடுகிறது: 'கம் அலாங், கம் அலாங்.' இத்தனை வருஷப் பொய் பட்டப்பகலில் பிடிபட்டுவிட்டது. இவர் கண்ணாடியை ஏற்றிவிட்டு வாசித்தார். திரும்பி என்னைப் பார்த்தார்.

"எழுத்துப் பிழை விட்டிருக்கிறாங்கள்" என்றார்.

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. என் முகத்தைப் பார்த்தாரோ என்னவோ, எழுந்து போய் லாச்சியைத் திறந்தார். ஹியரிங் எய்டை எடுத்து, தட்டுத் தடுமாறிக் காதில் மாட்டினார். "திருப்பிப் போடும் பாப்பம்."

படத்தைப் பின்னால் ஓட்டி, சத்தத்தை அளவாக வைத்தேன். குதிரைகள் வந்தன. இவர் கண்ணை மூடிக் கடைசி வரி வரைக்கும் கேட்டார்.

"நான் சொன்னன்தானே... கமலந்தான்."

"ஓமப்பா" என்றேன், மெல்லத்தான். இவருக்குக் கேட்டுவிட்டது.

கிளினிக்காரருக்கு ஒரு வேண்டுகோள்: நீங்கள் தந்த மெஷின் ஒரு சொல்லை மட்டும் பிழையாகக் கேட்கிறது. தயவுசெய்து திருத்திவிடாதீர்கள்!