அண்ணனுக்கு நெறி கட்டிய நாட்கள்

அண்ணன் எங்கள் தோட்டத்தில் கவ்வாத்து வெட்டினான். தேயிலைச் செடி மரமாகிவிடாமல் சில வருடங்களுக்கு ஒருமுறை தறித்துவிடும் வேலை அது. அக்கரப்பத்தனைப் பக்கம் எங்கள் தோட்டம். அப்பா போனபின் அவன் வேலைக்கு இறங்கியதால்தான் நான் ஹட்டனில் படிக்க முடிந்தது. எழுபதுகளின் கடைசியில், அண்ணி முழுகாமல் இருந்த சமயம், ஈரக் கிளையில் சறுக்கிய கத்தி அவன் முழங்காலுக்குக் கீழே ஆழமாக இறங்கியது.

அண்ணி காயத்தில் காப்பித்தூளை அப்பி, பழைய சேலையைக் கிழித்துக் கட்டினாள். தோட்டத்து ஆஸ்பத்திரியில் அதைக் கழுவி மருந்து போட்டார்கள்.

"ஏற்பு ஊசி இங்க முடிஞ்சிருச்சு. டவுனுக்குப் போய்ப் போட்டுக்க" என்றார் மருந்து கட்டியவர். டெட்டனஸ் வராமல் தடுக்கும் ஊசி அது.

"ஞாயித்துக்கெழம போறேங்க" என்றான் அண்ணன்.

அதற்குள் தொடை இடுக்கில் நெறி கட்டியது. எலுமிச்சங்காய் அளவுக்கு வீங்கி, நடக்கவே சிரமப்பட்டான். அம்மா சுண்ணாம்பு தடவினாள். சில நாளில் வீக்கம் வற்றியது, காயமும் காய்ந்தது. "பாத்தியா, ஒடம்பே சரி பண்ணிக்கிச்சு" என்று என்னிடம் சிரித்தான். டவுனுக்குப் போகவில்லை.

பிறகு ஒரு காலையில் ரொட்டியைப் பிய்த்து வாயருகே கொண்டு போனவன் அப்படியே நிறுத்தினான். "வாய் தொறக்க மாட்டேங்குதும்மா."

கொழுந்து லொறியில் ஏற்றிக்கொண்டு போனோம். டவுன் ஆஸ்பத்திரியில் ஜன்னலை மூடி இருட்டாக்கிய அறையில் அவனைக் கிடத்தினார்கள். கதவு சத்தம் கேட்டாலே உடம்பு வில்லாக வளைந்தது. புத்தி மட்டும் கடைசிவரை தெளிவாக இருந்தது. இறுகிய பற்களுக்கிடையே அண்ணியிடம், "சாப்டியா?" என்று கேட்டான். அந்த வாரம் முடிவதற்குள் போய்விட்டான்.

காப்பித்தூளில்தான் விஷம் ஏறியது என்று லயத்து வீடுகளில் பேசிக்கொண்டார்கள். அண்ணியின் காதில் விழும்படியே பேசினார்கள். பெண் குழந்தை பிறந்தது. அதன்பின் அண்ணி காப்பி டின்னைத் தொட்டு நான் பார்த்ததில்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் பல்கலைக்கழகத்தில் உயிரியல் படித்தேன். ஒருநாள் விரிவுரையாளர் கரும்பலகையில் கிளைகள் விரிந்த ஒரு கலத்தை, ஓர் உயிரணுவை, வரைந்தார். டென்ட்ரிடிக் கலம் என்று பெயர் சொன்னார். இப்போதுதான் இதைப் பற்றித் தெரிய வருகிறது, எல்லோரும் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை என்றும் சொன்னார். தோலுக்குள் காத்திருக்கும் இந்தக் கலம், காயத்தின் வழியே வரும் கிருமியை விழுங்கித் துண்டாக்குகிறது. அந்தத் துண்டுகளை மேலே ஏந்திக்கொண்டு நிணநீர்க் கணுவுக்குப் போகிறது. அங்கே கூடியிருக்கும் டி கலங்களுக்கு ஒவ்வொன்றாகக் காட்டுகிறது. லட்சத்தில் ஒன்றுக்குத்தான் அந்தத் துண்டு பொருந்தும். பொருந்திய கலம் விழித்துக்கொண்டு, ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகிப் பெருகுகிறது. எதிர்ப்புப் பொருளைச் சுரக்கும் கலங்களையும் அதுவே தூண்டிவிடுகிறது. இதற்குச் சில நாட்கள் பிடிக்கும். அந்தச் சமயத்தில் கணு வீங்கும்.

நெறி. எனக்கு அதற்குமேல் எழுத ஓடவில்லை.

வகுப்பு முடிந்ததும் அவரிடம் போனேன். "நெறி கட்டிய ஒருவர் ஏற்பில் எப்படிச் சாவார்?" என்று கேட்டேன். யார் என்று அவர் விசாரிக்கவில்லை. காயத்தில் புகுந்த மற்றக் கிருமிகளுக்காகக் கட்டிய நெறியாக இருக்கும் என்றார். ஏற்புக் கிருமியின் நஞ்சு மிகக் கொஞ்சமே போதும், ஆளைக் கொன்றுவிடும். அந்தக் கொஞ்சம் உடம்பின் காவலை எழுப்பப் போதாது, பிழைத்தவருக்குக்கூட எதிர்ப்பு வருவதில்லை என்றார். வீரியத்தை நீக்கிய அதே நஞ்சை ஊசியில் போதிய அளவு போட்டால், கிளைக் கலங்கள் அதைத் தூக்கிப் போய் முன்கூட்டியே காட்டிவைக்கும்.

விடுமுறையில் வீட்டுக்குப் போய் அம்மாவிடமும் அண்ணியிடமும் இதைச் சொன்னேன். அடுப்படியில் உட்கார்ந்து கேட்டார்கள்.

"அப்ப அவென் ஒடம்பு சும்மா கெடக்கல" என்றாள் அம்மா.

"இல்லம்மா. வந்ததையெல்லாம் எதுத்து நின்னுச்சு. இது மட்டும் அதுக்குத் தெரியாமப் போயிருச்சு."

அண்ணி விறகை அடுப்புக்குள் தள்ளிவிட்டுக் கேட்டாள். "தம்பி, காப்பித்தூள்லயா இருந்துச்சு?"

இல்லை என்று சொல்லிவிட ஆசையாக இருந்தது. "தெரியாதுங்க அண்ணி. அந்தக் கிருமி மண்ணுல இருக்கும். கத்தியில, கால்ல, எதுல வேணும்னாலும் ஒட்டியிருக்கும். நீங்க ரத்தத்த நிறுத்தத்தான பாத்தீங்க."

அவள் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு அழுதாள். அண்ணன் செத்தபோதுகூட அவள் அப்படி அழுததை நான் கண்டதில்லை.

இரு நாட்டு ஒப்பந்தப்படி தோட்டத்து ஆட்களை இந்தியாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள்; கொஞ்ச நாளில் அண்ணியின் பிறந்த வீட்டாருக்கும் முறை வந்தது. பிள்ளையோடு அவளும் கிளம்பினாள். ஹட்டன் ஸ்டேஷன் முழுக்க ஒரே அழுகை. "சித்தப்பாவுக்குக் கையக் காட்டு" என்று அண்ணி பிள்ளையைத் தூக்கிப் பிடித்தாள். பிள்ளை என்னைப் பார்க்காமல் கோச்சி எஞ்சினின் புகையையே பார்த்துக்கொண்டிருந்தது. கோச்சி போனபிறகும் அம்மா பெஞ்சிலிருந்து எழவில்லை. அக்கரப்பத்தனை பஸ் போய்விடும் என்று இரண்டு தடவை சொன்னேன். பஸ் போய்விட்டது. நாங்கள் அங்கேயே உட்கார்ந்திருந்தோம்.