மரநாய்க்கு அடிச்ச தப்பு

நான் யாரையும் ஏமாத்தல. அந்தக் கொழும்புக் குடும்பம் வர்றதுக்கு முன்னாடியே போன்ல பச்சையா சொல்லிட்டேன். "வீட்டுல மிருகம் ஏதும் இருக்கா?"ன்னு அந்த அம்மா கேட்டாங்க. "கூரையில ஒரு மரநாய் இருக்குங்க. அது பாட்டுக்கு இருக்கும், ஒண்ணும் செய்யாது"ன்னேன். "அப்படியா! நல்லதாப் போச்சு, பிள்ளைக்கு ரொம்பப் பிடிக்கும்"ன்னாங்க. அட, நல்ல மனசுக்காரங்களா இருக்காங்களேன்னு நெனச்சேன். வேனை விட்டு எறங்கின கையோட அவங்க மக "மரத்துல செஞ்ச நாய் எங்க?"ன்னு கேட்டப்பதான் எனக்கு வெளங்குச்சு. மரக்குதிரை மாதிரி ஏதோ வெளையாட்டுச் சாமான்னு நெனச்சிருக்காங்க! அதுக்கு நான் என்ன பண்றது?

மரநாய்ன்னா பூனையைவிட கொஞ்சம் பெருசு, நீட்டு வாலு. பகல் பூரா சீலிங்குக்கு மேல தூங்கும். பொழுது சாயக்குள்ள எறங்கிப்போயி பழம் பொறுக்கித் தின்னுட்டு வரும். மலைநாட்டுல கூரைன்னு ஒண்ணு இருந்தா அதுக்குள்ள இதும் இருக்கும். தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டுல பொறந்து வளர்ந்த எனக்கு அது ஒரு விஷயமாவே தெரியல.

எங்க வீடு கந்தப்பளையில, தோட்ட எல்லையை ஒட்டி இருக்கு. முன்வீட்டுல ரெண்டு ரூம். அதை லீவுக்கு வர்றவங்களுக்கு விட்டுட்டு நாங்க ரெண்டு பேரும் பின்பக்கத்துச் சின்ன வீட்டுல இருக்கோம். எல்லாம் எங்க வீட்டுக்காரரு கட்டார் வெயில்ல காய்ஞ்சு சேத்தது. கல்யாணம் கட்டி அவரு பக்கத்துல நான் இருந்த காலத்தைவிட போன்ல பேசின காலம்தான் கூட. இந்த வீட்டுக்கு ஆள் வந்துகிட்டே இருந்தா அவரு இங்க இருப்பாரு. இல்லாட்டித் திரும்பவும் பிளேன் ஏறுவாரு. அப்படித்தான் எங்களுக்குள்ள பேச்சு. இந்த லட்சணத்துல ஏஜென்ட்காரன் வேற விடாம போன் பண்ணி, "அண்ணே, விசா ரெடியா இருக்கு, ஒரு வார்த்தை சொன்னா போதும்"ன்னு அரிச்சுகிட்டே இருந்தான். அவன் பேரு போன்ல விழுந்தாலே நான் போனைக் கவுத்து வச்சிருவேன்.

கொழும்புக்காரங்க வந்த மறுநாளே கட்டிலுக்கு மேல சீலிங் நனைஞ்சு மஞ்சளா கறை கட்டிருச்சு. நாத்தம்னா அப்படியொரு நாத்தம். அதோட போச்சான்னா இல்ல, அந்த அம்மாவுக்கு வாந்தியும் வயித்தாலயும். எங்க வீட்டுக்காரரு பதறிப்போயி ஏணி வச்சு ஏறிப் பாத்தா, தண்ணி டாங்கி மூடி ஒரு பக்கமா வெலகிக் கெடக்கு. உள்ள மரநாய்ப் புழுக்கை மெதக்குது. எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கலாம்போல ஆயிருச்சு. ஆஸ்பத்திரிக்கு நாங்களே கூட்டிப்போனோம். நல்லவேளை, ரெண்டாம் நாள் எந்திரிச்சு ஊருக்குக் கெளம்பிட்டாங்க. ஆனாலும் விஷயம் சுகாதாரப் பரிசோதகரு பி.எச்.ஐ. காதுக்குப் போயிருச்சு.

அந்த சுகாதார மாத்தையா சின்ன வயசுக்காரரு. கோபப்படல, லேஞ்சித் துணியால மூக்கைப் பொத்திகிட்டு எல்லாத்தையும் பாத்தாரு. பாத்துட்டு சிங்களத்துல பொறுமையா சொன்னாரு. "அக்கே, இப்படி ஒரு வீட்டுல ஆள் தங்க வைக்க ஏலாது. அடுத்த கிழமை வருவேன். மிருகம் போயிருக்கணும், சீலிங்கும் டாங்கியும் சுத்தமா இருக்கணும். இல்லாட்டி வீட்டை மூடச் சொல்லி எழுதுறதைத் தவிர எனக்கு வேற வழி இல்ல." வெஷம் வைக்கக் கூடாது, காய்ஞ்ச புழுக்கையை அப்படியே கூட்டக் கூடாது, தூசு மூக்குல போனா நோய் வரும், மருந்துத் தண்ணி தெளிச்சு நனைச்சுத்தான் அள்ளணும்ன்னும் சொல்லிட்டுப் போனாரு.

அவரு மோட்டார் சைக்கிள் சத்தம் அடங்கக்கூட இல்ல, எங்க வீட்டுக்காரரு பேச ஆரம்பிச்சுட்டாரு. "சரி விடு, நமக்கு இது சரிவராது. நான் ஏஜென்ட்கிட்ட பேசுறேன்."

வந்துச்சே எனக்கு கோபம்! "ஒரு மரநாய்க்குப் பயந்து கட்டாருக்கு ஓடப் போறீங்களா? வெளிய சொன்னா சிரிப்பாங்க"ன்னு கத்தினேன். கத்திட்டு அடுப்படிக்குள்ள போயி அழுதேன். அது வேற கதை.

அன்னைக்கே வேலையைத் தொடங்கினோம். கடைத்தெருவுல ஹார்ட்வெயார் நானா கோழிக்கூட்டு வலையை அளந்து வெட்டிக் குடுத்தாரு. தகரத்துக்கும் செவுத்துக்கும் நடுவுல இருந்த ஓட்டை வழியாத்தான் அது போய் வரும். பொழுது சாய அது வெளிய போனதும் எங்க வீட்டுக்காரரு ஏறி வலையை வச்சு அடைச்சுட்டாரு. அடடா, இவ்வளவுதானா வேலைன்னு நாங்க டீ ஊத்திக் குடிச்சோம்.

காலையில கூரைக்குள்ள கீச்சு கீச்சுன்னு ஒரே சத்தம். குட்டி! தாயை வெளிய வச்சு, குட்டிகளை உள்ள பூட்டிட்டோம். வெளிய பாத்தா தகர ஓரத்தைப் பிறாண்டிப் பிறாண்டி வளைச்சே வச்சிருக்கு. அதைப் பாத்ததும் என் மனசு ஒரு மாதிரி ஆயிருச்சு. ஏதோ ஒரு சீவன், அதுக்கும் பிள்ளை பிள்ளைதானே. "என்னங்க, தெறந்து விடுங்க"ன்னேன். இவரு ஏறி வலையைக் கழட்டிட்டாரு. தாய் வேலி ஓரத்துல இருந்து பாய்ஞ்சு உள்ள போச்சு.

இனி அதுவாத்தான் குட்டிகளைத் தூக்கிகிட்டுப் போகணும். பகல்ல தூங்க விடாம சத்தம் போட்டா எடம் பிடிக்காம போயிரும்ன்னு எனக்குப் பட்டுச்சு. ரேடியோ வச்சுப் பாத்தோம். அது பாட்டுக் கேட்டுகிட்டே சுகமா தூங்குச்சு. அப்பத்தான் பக்கத்து லயத்துல தப்பு அடிக்கிற அண்ணன் ஞாபகத்துக்கு வந்தாரு. ஞாயித்துக்கெழமை, அவருக்கும் வேலை இல்ல. தப்போட வந்து நெருப்புல காய்ச்சி எடுத்துகிட்டு, "தங்கச்சி, எந்த அடி அடிக்கட்டும்?"ன்னாரு. "எதையாச்சும் அடிங்கண்ணே, சத்தம்தான் வேணும்"ன்னேன். நான் சொன்னது அதுதான். பாவம் அந்த மனுஷனுக்கு எது கை வந்ததோ அதை அடிச்சாரு.

இவரு சீலிங் பலகை ஒண்ணைக் கழட்டி, தலையையும் ஒடம்பையும் உள்ள விட்டுகிட்டு டார்ச் அடிச்சுகிட்டு இருந்தாரு. கீழ அண்ணன் நெஞ்சு அதிர வெளுத்து வாங்குறாரு. கொஞ்ச நேரத்துல வாசல்ல ஆள் அரவம். எட்டிப் பாத்தா லயமே தெரண்டு வருது! பொம்பளைங்க தலைமுடியை அள்ளி முடிஞ்சுகிட்டு வர்றாங்க. ஆம்பளைங்க தோள் துண்டைக் கையில எடுத்துகிட்டு வர்றாங்க. ஒண்ணும் புரியாம நின்னேன். முன்னால வந்த அடுத்த வீட்டு அக்கா என்னைக் கட்டிப் பிடிச்சு ஓன்னு கதறினாங்க.

"போயிட்டாராடி? ஒரு வார்த்தை சொல்லாம போயிட்டாராடி?"

அப்பத்தான் தப்பு என் காதுல விழுந்துச்சு. சாவு அடி! பட்டப்பகல்ல ஒரு வீட்டுல சாவு அடி கேட்டா லயத்து ஆளுங்க வேற என்ன நெனப்பாங்க? சிரிச்சிருக்கணும். எனக்குச் சிரிப்பு வரல. போயிட்டாரான்னு அந்த அக்கா கேட்டது ஒண்ணு, என் நெஞ்சுக்குள்ள விழுந்தது ஒண்ணு. ஏர்போட்டுல விட்டுட்டு வர்ற ஒவ்வொரு தடவையும் இதே வாசல்ல இதே வார்த்தையைத்தானே கேட்டாங்க.

"போகல!"ன்னு கத்தினேன். "எங்கயும் போகல! நான் விட மாட்டேன்!"

தப்பு நின்னு போச்சு. சீலிங் ஓட்டையில இருந்து, ஒட்டடையும் தூசுமா, மாஸ்க் போட்ட ஒரு தலை கீழ எட்டிப் பாத்துச்சு. "யாரு செத்தா?"ன்னு கேட்டாரு இவரு.

ஒரு கெழவி "ஐயோ"ன்னு பின்னால சாஞ்சாங்க. அப்புறம் எழும்பின சிரிப்பு இருக்கே, தேயிலை மலை பூரா கேட்டிருக்கும். "தப்பைத் தப்பா அடிச்சிருக்கான் பாரு"ன்னு அக்கா அந்த அண்ணன் முதுகுலயே ஒண்ணு போட்டாங்க. அவரு தலையைச் சொறிஞ்சுகிட்டு நின்னாரு.

வந்தவங்க யாரும் திரும்பிப் போகல. நானும் விடல. காலையில தோட்டத்துல ஆளுங்களை வரிசையா நிக்க வச்சு கண்டாக்கு ஐயா வேலை பிரிக்கிற பெரட்டு மாதிரி, என் வாசல்லயே நான் ஒரு பெரட்டு வச்சேன். "நீங்க நாலு பேரு டாங்கி. நீங்க மெத்தையைத் தூக்கி வெயில்ல போடுங்க. நீங்க புதர்ப் பத்தையை வெட்டுங்க, அட்டை கடிக்குது. அண்ணே, நீங்க திரும்ப அடிங்க, நிறுத்தாதீங்க!" "ஏய், கண்டாக்கு ஐயா வேலையை எப்படி எடுத்தே?"ன்னு கேலி பண்ணிகிட்டே ஆளாளுக்கு எறங்கிட்டாங்க. இவரு பேரிக்கா மரத்துல ஏறி, கூரை மேல சாஞ்சிருந்த கெளையை வெட்டக் கத்தியை ஓங்கினாரு. "பொறுங்க! அந்தக் கெளைதானே மரநாய்க்குப் பாதை"ன்னு தடுத்தேன்.

பொழுது சாயக்குள்ள தப்பை நிறுத்தச் சொன்னேன். எல்லாரும் மூச்சு விடாம வாசல்ல உக்காந்திருந்தோம். மொதல்ல மூக்கு மட்டும் எட்டிப் பாத்துச்சு. அப்புறம் வாயில ஒரு குட்டியைக் கவ்விகிட்டு வெளிய வந்து, கெளை மேல நடந்து காட்டுப் பக்கமா போச்சு. திரும்பி வந்து இன்னொண்ணு. "இன்னும் ஒண்ணு இருக்கும்"ன்னு அக்கா முணுமுணுத்தாங்க. சொன்ன மாதிரியே மூணாவதையும் தூக்கிகிட்டு, எங்க பக்கம் திரும்பிக்கூடப் பாக்காம போயிருச்சு.

இவரு டார்ச்சோட ஏறினாரு. "ஒண்ணுமில்ல! காலி!"ன்னு கத்தினாரு. வலையை இறுக்கி அடிச்சாரு. கெளை கீழ விழுந்துச்சு. யாரும் கேக்காமயே அண்ணன் தப்பை எடுத்தாரு. இந்தத் தடவை திருவிழா அடி. அடுத்த வீட்டு அக்கா ஆடினாங்க, நானும் ஆடினேன். கல்யாணத்துலகூட நான் அப்படி ஆடல.

அடுத்த நாள்ல இருந்து நாங்க ரெண்டு பேரும் மாஸ்க், கையுறை, பூட்ஸ் எல்லாம் மாட்டிகிட்டு மருந்துத் தண்ணி தெளிச்சு, நனைச்சு, சாக்கு சாக்கா அள்ளினோம். கறை பட்ட பலகையெல்லாம் கழட்டிப் புதுசு அடிச்சோம். டாங்கியைத் தேய்ச்சு, க்ளோரின் போட்டு, மூடிக்குக் கொக்கி வச்சோம். முதுகு ஒடிஞ்சுச்சு. ஆனா இவரு கூரை மேல நின்னுகிட்டு "இந்தா, ஆணியை எடு"ன்னு என்னைக் கூப்புட, நான் கீழ நின்னு எடுத்துக் குடுக்க, அந்த நாளெல்லாம் எனக்குத் திருவிழாதான்.

மாத்தையா சொன்னபடி வந்தாரு. சீலிங்குல தலையை விட்டு மோந்து பாத்தாரு. டாங்கியில தண்ணி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினாரு. முடிவு வந்த அன்னைக்கு அவரே வந்து, அதே குழாய்த் தண்ணியில போட்ட டீயைக் கடைசி மொடக்கு வரைக்கும் குடிச்சாரு. "ஹொந்தாய் அக்கே, நல்லா இருக்கு. ஆள் எடுங்க"ன்னாரு. அவரு கேட்டைத் தாண்டுற வரைக்கும் நான் மரியாதையா நின்னேன். அப்புறம் ரெண்டு கையையும் தூக்கி ஒரு கூச்சல் போட்டேன் பாருங்க, கோழியெல்லாம் செதறி ஓடுச்சு.

அந்த நேரம் பாத்து போன் அடிச்சுச்சு. ஏஜென்ட். இவரு பேரைப் பாத்தாரு, என்னைப் பாத்தாரு. போனை என் கையில குடுத்து, "நீயே பேசு"ன்னுட்டு டாங்கிப் பக்கம் போயிட்டாரு.

"அண்ணன் இருக்காரா?"ன்னான்.

"இருக்காருங்க"ன்னேன். "இனிமே இங்கதான் இருப்பாரு."