சுவிட்சில் கட்டிய துணி

எங்கள் பனியன் கம்பெனியில் பெயிண்டில் எழுதிய போர்டு வாசலில் மட்டும்தான். உள்ளே இருந்த அடையாளங்களெல்லாம் நாங்களே செய்துகொண்டவை. பானைமேல் டம்ளர் கவிழ்ந்திருந்தால் தண்ணீர் தீர்ந்துவிட்டது. மெயின் சுவிட்சின் கைப்பிடியில் வேஸ்ட் துணி முடிந்திருந்தால், ஏதோ மெஷினுக்குள் ஃபிட்டரின் கை இருக்கிறது. பாதிப் பேருக்குப் படிக்கத் தெரியாது, துணிக்கோ பஞ்சமில்லை.

அந்த முடிச்சை நான் ஒருநாளும் நம்பியதில்லை. ஆனால் ஐந்தாவதோடு நின்றவன் சொன்னால் யார் கேட்பார்கள்?

ஒரு மத்தியானம் கரண்ட் போனது. ஃபிட்டர் கைப்பிடியை இறக்கி, துணியை முடிந்துவிட்டு, மெஷினுக்கு அடியில் படுத்துப் பல்சக்கரத்துக்குள் கையை விட்டார். நான் வழக்கம்போலச் சுவிட்சையே பார்த்துக்கொண்டிருந்தேன். அறுந்த நூல் ஒன்றை முடியத் திரும்பினேன், அவ்வளவுதான். மறுபடி பார்த்தால் கைப்பிடி மொட்டையாக இருந்தது. வேஸ்ட் பொறுக்குகிற அக்கா சாக்கோடு நகர்ந்துகொண்டிருந்தார்.

மெயினுக்கு முன்னாலேயே இணைத்திருந்த வாசல் பல்பு எரிந்தது.

"கரண்ட் வந்துருச்சுங்கோ!"

பக்கத்து மெஷின்காரர் சுவிட்சுக்கு ஓடினார். நான் முந்திப் போய் இரண்டு கையாலும் கைப்பிடியைக் கீழே அமுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"உடு கைய! கிறுக்குப் புடிச்சிருச்சா உனக்கு?"

தலையை ஆட்டி மெஷினுக்கு அடியைக் காட்டினேன். வெளியே நீட்டிக்கொண்டிருந்த இரண்டு கால்களைப் பார்த்ததும், "அட சாமி" என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

ஃபிட்டர் வெளியே வந்தார். விவரம் கேட்டதும் விரல்களை மடக்கி மடக்கிப் பார்த்துக்கொண்டார். அக்கா அழுதார்.

"வேஸ்ட்டுன்னு நெனச்சுட்டனுங்க. எல்லாம் ஒரே துணிதானுங்களே."

அவர் சொன்னதும் சரிதான்.

அன்றைக்கே பெட்டி அட்டை ஒன்றைக் கிழித்துக் கரியால் எழுதினேன். 'கரண்ட் போடாதே. உள்ளே ஆள். கேட்டுப் போடு. கேட்டாலும் போடாதே.' எழுத்து ஒவ்வொன்றின்மேலும் நாலு தடவை இழுத்திருந்தேன். எழுதியவன் எப்பேர்ப்பட்ட பயந்தாங்கொள்ளி என்பது தூரத்திலிருந்தே தெரியும்.

ஃபிட்டர் சிரித்தார். "ஏனப்பா, கேட்டாலும் போடக்கூடாதுன்னா அப்பறம் எப்பத்தான் போடறது?"

"நீங்க எந்திரிச்சு வந்து, நீங்களே போடுங்க."

சிரிப்பு நின்றது. "சரி, அதையும் எழுதிப் போடு."

அட்டையில் இடமில்லை.

அடுத்த முறை அவர் அதைக் கைப்பிடியில் மாட்டிவிட்டுப் படுத்தார். அக்கா எட்ட நின்றே, "இதுல என்னங்க எழுதியிருக்குது?" என்றார். படித்துச் சொன்னேன். வந்தவர்கள் எல்லோருக்கும் சொன்னேன். ஃபிட்டர் எழுந்து வந்து அவர் கையாலேயே அதைக் கழற்றும்வரை அங்கிருந்து நகர எனக்குத் தைரியம் வரவில்லை.