திருப்பதி போகாத மொட்டை

பெர்லினில் என் மொட்டைத் தலையை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. டெல்லி மயூர் விஹாரில் எங்கள் லிஃப்ட் நாலாவது மாடிக்கு வருவதற்குள் மூன்று பேர் காரணம் கேட்டுவிட்டார்கள். ஏர்போர்ட்டிலிருந்து என்னை அழைத்துவந்த அம்மா எனக்கு வாயைத் திறக்க இடம் கொடுக்கவில்லை.

"சென்னையில எறங்கி திருப்பதி போயிட்டு வாரா. வேண்டுதல்."

என் தொழில் பூத்தோ. ஜப்பானில் பிறந்த நடனம். தலையை மழித்து, உடம்பெல்லாம் வெள்ளை பூசிக்கொண்டு, பத்தடி நடக்க கால் மணி நேரம் எடுத்துக்கொள்ளும் ஆட்டம். பெர்லினில் ஆரம்ப வருஷங்களில் காலையில் பேக்கரியில் ரொட்டி அடுக்கினேன், மாலையில் தரையில் படுத்து எழப் பழகினேன். எழ மட்டும்தான். ஃபோனில் சொன்னபோது, "அதை ஒரு வயசுலயே பழகிட்டியேட்டி" என்றாள் அம்மா. இன்று நானே நிகழ்ச்சிகளை அமைக்கிறேன், நாலு ஊரில் மேடையேறுகின்றன. அம்மாவின் அடுக்குமாடி சொசைட்டியில் மட்டும் நான் ஜெர்மனியில் பரதநாட்டிய டீச்சர். அம்மாவின் ஏற்பாடு அது. எனக்கு அதில் ஆத்திரம் உண்டு.

டெல்லியில் முதல் தடவையாக என் நிகழ்ச்சி நடக்கப்போகிறது. அம்மா வர வேண்டும், என் மகள் செய்வது இதுதான் என்று ஒருவரிடமாவது சொல்ல வேண்டும். அதற்காகத்தான் வந்திருந்தேன்.

மறுநாள் காலை எதிர்வீட்டு மாமி வந்தார். "பெருமாளுக்கு முடி குடுத்தியாமே! லட்டு எங்கேடி?"

அம்மா லட்டை யோசிக்கவே இல்லை. "பெட்டியில இருக்கு மாமி, சாயங்காலம் தாரேன்" என்று சமாளித்துவிட்டு, மார்க்கெட்டுக்கு ஓடி, "பையா, ஜல்தி" என்று கடைக்காரரை அவசரப்படுத்தி பூந்தி லட்டு வாங்கிவந்தாள். மாமி அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வாயில் போட்டார். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அம்மா முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

மாமி போனபின் கேட்டேன். "நிஜத்தைச் சொன்னா என்னம்மா?"

"என்னன்னு சொல்லுவேன்? எனக்கே வெளங்கலையே."

ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சிக்கு அம்மா பட்டுப்புடவையில் வந்தாள். கூடவே மாமி, கையில் மல்லிகைச்சரம். பரதநாட்டியம் என்றால் சவுரி வைப்பேன், அதில் சூட்டலாம் என்று கணக்குப்போட்டிருக்கிறார்.

என் ஆட்டத்தில் ஒருத்தி தரையிலிருந்து எழுகிறாள். ஒரு கை தரையில், ஒரு கை முழங்காலில், தலை குனிந்து, பாதியில் நின்று மூச்சு வாங்கி. நாற்பது நிமிஷமும் அவ்வளவுதான். யாரைப் பார்த்து அமைத்தேன் என்று நான் அம்மாவிடம் சொன்னதில்லை.

முடிந்ததும் இருவரும் ஒப்பனை அறைக்குள் வந்தார்கள். மாமி என் வெள்ளை உடம்பை ஏற இறங்கப் பார்த்தார். "இது என்ன டான்ஸ்டி? எனக்கு ஒண்ணும் புரியலையே."

அம்மாதான் சொன்னாள்.

"அது நான்லா மாமி. முட்டு வலியோட அடுப்படியில நான் எந்திக்கது. அப்படியே போட்டுட்டா." நிறுத்தி, என் தலையில் கைவைத்தாள். "இதுக்குப் பேரு பூத்தோ. மொட்டை இதுக்குத்தான். திருப்பதிக்கெல்லாம் போகல. லட்டு நான் மார்க்கெட்ல வாங்குனது."

மாமி மல்லிகையை அம்மாவின் கொண்டையில் வைத்தார்.

"அச்சா! அந்த லட்டுல பச்சைக் கற்பூர வாசனையே இல்லையேன்னு அன்னிக்கே நினைச்சேன். உன் முகத்தைப் பார்த்துட்டு சும்மா இருந்துட்டேன்."