மஸ்கட்டுக்கு ஒரு துணை

என் கணவர் ஓமானில் பல வருடங்கள் வேலை செய்தவர். எண்ணெய்ச் சேமிப்புக் குதம் ஒன்றின் வாசலில் காவல். அவருடைய கடிதங்களில் வெயிலையும் தலையிடியையும் தவிர வேறொன்றும் இராது. ஆகையால் மன்னாரில் இருந்த நான், அந்த நாட்டைப் பற்றி நூலகத்தில் தேடிப் படித்தேன். அவர் எங்கே இருக்கிறார் என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது.

நாங்கள் இத்தாலியின் பலேர்மோவுக்கு வந்தபின் அவருடைய ஓமான் வளரத் தொடங்கியது. ஞாயிறு பூசை முடிந்து ஆலய மண்டபத்தில் தேநீர் குடிக்கையில் அவர் பாலைவனங்களைக் கடந்தார், கோட்டைகளில் ஏறினார். “ஓமான் ராசா வாறார், கதிரையை விடுங்கோ” என்று ஆட்கள் பகிடி பண்ணினார்கள். அதையும் அவர் பட்டமாகவே ஏற்றுக்கொண்டார்.

நான் வேலை செய்யும் வீடு வுச்சீரியாவில், சந்தையின் இரைச்சல் ஏறிவரும் மாடியொன்றில் இருக்கிறது. வீட்டுக்கார அம்மா, சின்யோரா, ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை. பலேர்மோவின் அடியில் அரபியர் வெட்டிய நீர்ச் சுரங்கங்களைப் பற்றிப் பேசினால் அவருக்குப் பசி தெரியாது. அவற்றின் உறவினர்கள்போல ஓமானில் இன்னும் ஓடுகிற வாய்க்கால்களைப் பார்த்துவிட வேண்டும் என்பது அவருடைய ஆசை. துணையில்லாமல் போகக்கூடாது என்று மிலானிலிருந்த மகள் மறித்தார்.

“உன் கணவர் அந்த நாட்டை அறிந்தவராமே. ஞாயிறு சாப்பாட்டுக்கு அழைத்து வா. எனக்குப் பிடித்தால் அவரே துணை” என்றார் சின்யோரா.

சனி பின்னேரம், தான் வேலை செய்யும் சியாகுல்லித் தோட்டத்திலிருந்து ஒரு பை மண்டரின் தோடம்பழங்களோடு வந்த கணவரிடம் செய்தியைச் சொன்னேன். அவர் சப்பாத்தைக் கழற்றாமலே உட்கார்ந்துவிட்டார்.

“இஞ்சரும், நான் எங்கை போனன்? காம்ப், கேட். கேட், காம்ப். வெள்ளிக்கிழமை உடுப்புத் தோய்க்கிறது.”

“அப்ப கோட்டை?”

“கலண்டரிலை பாத்தனான்.” சப்பாத்து நாடாவை அவிழ்த்தார். “ஆனா எனக்குப் போகவேணும். அத்தனை வருசம் இருந்த ஊரை ஒருக்காப் பாக்கவேணும். நீர்தானே படிச்சனீர், சொல்லித் தாரும்.”

மேசையில் பழங்களை வரைபடம்போல அடுக்கினேன். கடலோரத்தில் மஸ்கட்; உள்ளே, வட்டக் கோட்டையுடைய நிஸ்வா; தெற்கே, மழைக்காலத்தில் பச்சைப் பிடிக்கும் சலாலா, நம் கோவிலில் புகைக்கும் சாம்பிராணியின் மரங்கள் நிற்கும் இடம். அவர் பயபக்தியோடு கேட்டார். நான் அடுப்பைப் பார்க்கத் திரும்பிய நேரத்தில் சலாலாவை உரித்துச் சாப்பிட்டுவிட்டார்.

மறுநாள் சின்யோராவின் மேசையிலும் ஒரு பழத்தட்டு இருந்தது. நிஸ்வா எப்படிப்பட்ட ஊர் என்று சின்யோரா கேட்டதும் கணவர் பழங்களை உற்றுப் பார்த்தார். சின்யோரா அடுத்துச் சலாலாவைப் பற்றிக் கேட்டார். கணவர் இன்னும் குனிந்து தேடினார்.

“பழம் வேண்டுமா இவருக்கு?” என்றார் சின்யோரா.

கணவர் என்னிடம் திரும்பினார். “உண்மையைச் சொல்லும். எனக்கு அவ்வளவு இத்தாலியன் காணாது.”

சொன்னேன். சின்யோராவின் முகம் வாடியது. பேச்சை முடிக்கும் மரியாதையோடு கோப்பி ஊற்றினார். கணவர் குடித்துவிட்டு, வெறுங்கோப்பையை இடமும் வலமும் ஆட்டினார்.

“இது என்ன?” என்றார் சின்யோரா.

போதும் என்பதற்கு ஓமானில் அப்படித்தான் ஆட்டுவார்களாம். முதல் நாள் அது தெரியாமல், வாசலில் கூட நின்ற ஓமானியர் ஊற்ற ஊற்ற மறுக்கத் துணியாமல் குடித்தாராம். “விடியுமட்டும் முழிச்சிருந்தன். காவல் வேலைக்கு நல்ல ஆள் எண்டு நிரந்தரமாக்கிப் போட்டாங்கள்.”

நான் மொழிபெயர்த்து முடிக்குமுன்பே சின்யோரா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். “இவரே வரட்டும். தகவல் தேவைப்பட்டால் உன்னைத் தொலைபேசியில் பிடிக்கிறோம்.”

அப்படியே நடந்தது. சின்யோராவின் சமையலறையில் சட்டி கழுவிக்கொண்டே நான் தொலைபேசியில் நிஸ்வாவைச் சுற்றிக் காட்டினேன். “இடப்பக்கம் திரும்புங்கோ, அதுதான் கோபுரம்” என்பேன். “ஓம், இருக்கு” என்பார், நான்தான் அதைக் கட்டியவள் என்பதுபோல. பிறகு ஒருநாள் அழைத்தவர் ஒன்றும் கேட்கவில்லை. பேரீச்சை மரங்களுக்கிடையில், கல் வாய்க்காலுக்கு மேலே தொலைபேசியை நீட்டிப் பிடித்தார்.

“தண்ணி. கேக்குதோ?”

குழாயை மூடினேன்.

“ஓம். இன்னும் கொஞ்சம் கிட்டப் பிடியுங்கோ.”