நாலாம் நம்பர் வீட்டுச் சவுக்காரம்

நுனிநாக்கில் மெல்லிய ஊசி ஒன்று இறங்கியதைப் போல முதலில் ஒரு சுள்ளென்ற குத்தல், அதைத் தொடர்ந்து வாய் முழுவதும் சுண்ணாம்பின் சுவை, கடைசியில் எங்கிருந்தோ எட்டிப் பார்க்கும் ஓம வாசனை. காயாத சவுக்காரத்தை, வீட்டில் காய்ச்சிய சோப்பை, நக்கிப் பார்த்தவர்களுக்குத்தான் இந்த வரிசை தெரியும். ஒன்பது வயதில், 1984ஆம் ஆண்டின் கடைசி இரண்டு மாதங்களில், நான் அதைத் தினமும் செய்துகொண்டிருந்தேன்.

நாங்கள் அப்போது குவாலா சிலாங்கூர்ப் பக்கம், அசாம் ஜாவா என்ற ஊரிலிருந்து ஈஜோக் போகும் சாலையிலிருந்து உள்ளே தள்ளியிருந்த, எண்ணெய்க்காக வளர்க்கும் ஒரு செம்பனைத் தோட்டத்தில் குடியிருந்தோம். தோட்டத் தொழிலாளர்களுக்கென்று வரிசையாகக் கட்டிய எங்கள் லயத்தில் பத்து வீடுகள்; எங்களுடையது நாலாம் நம்பர். அந்த லயத்தில் ஒரு வழக்கம் இருந்தது. வேறு தோட்டங்களில் அது இருந்ததா என்று பிற்காலத்தில் நான் பலரைக் கேட்டிருக்கிறேன். இருந்ததாக யாரும் சொல்லவில்லை. தீபாவளிக்கு முறுக்கும் அதிரசமும் சுட்டு முடிந்ததும் சட்டியில் மிஞ்சுகிற கறுத்த எண்ணெயை யாரும் கீழே கொட்ட மாட்டார்கள். பால்மாவு டின்னில் ஊற்றி, டின்னின் மேல் வீட்டு நம்பரைக் கரியால் எழுதி, எங்கள் வீட்டு வாசலில் வைத்துவிட்டுப் போவார்கள். தீபாவளி முடிந்த முதல் ஞாயிற்றுக்கிழமை அம்மா அந்தப் பத்து வீட்டு எண்ணெயையும் ஒன்றாகக் கலந்து பத்துக் கட்டிச் சவுக்காரம் ஊற்றுவாள். பொங்கலுக்கு முன்னால் வீட்டுக்கு ஒரு கட்டி திரும்பிப் போகும். எல்லா எண்ணெயும் கலந்துவிட்ட பிறகு எது யாருடைய எண்ணெய் என்பதில் பொருளே இல்லை. ஆனாலும் அம்மா ஒவ்வொரு கட்டியிலும் கொண்டை ஊசியால் வீட்டு நம்பரைக் கீறுவாள். அதற்குக் கீழே ஊற்றிய தேதியைக் கீறுவாள்.

தேதிகளின் மேல் எனக்கு இருக்கும் பித்துக்கு வேர் அங்கேதான் இருக்கவேண்டும்.

செய்முறை எளிதாகத் தெரியும், எளிதல்ல. எண்ணெயைப் பழைய வேட்டித் துணியில் இரண்டு முறை வடிகட்ட வேண்டும். முறுக்குத் தூள் ஒன்று தங்கினாலும் அந்த இடத்தில் கட்டி ஊசிப்போகும். சீனர் கடையில் வாங்கிய, காஸ்டிக் சோடா என்கிற காரச் சோடாவை மழைத் தண்ணீரில் கரைக்க வேண்டும். சோடாவைத்தான் தண்ணீரில் போட வேண்டுமே தவிர, தண்ணீரைச் சோடாவில் ஊற்றக் கூடாது. ஊற்றினால் பொங்கி முகத்தில் தெறிக்கும். அலுமினியப் பாத்திரம் ஆகாது, சோடா அதைத் தின்றுவிடும் என்பதால் அம்மா எனாமல் வாளிதான் வைத்திருந்தாள். எண்ணெயில் அந்தச் சோடாத் தண்ணீரைச் சிறுகச் சிறுக விட்டு, ரப்பர் மரக் கம்பால் ஒரே பக்கமாகக் கிண்டினால், முக்கால் மணி நேரத்தில் அது உளுந்தங்கஞ்சி பதத்துக்கு வரும். வாழை இலை விரித்த பலகைப் பெட்டியில் ஊற்றி மூடிவிட்டு, மறுநாள் தூண்டில் நூலால் அறுத்தால் பத்துக் கட்டி. அரைச் செங்கல் அளவில், கருப்பட்டி நிறத்தில் இருக்கும்.

அதன் பிறகுதான் காத்திருப்பு. "ஒரு மண்டலம் காயணும்" என்பாள் அம்மா. நாற்பத்தெட்டு நாள், அடுக்களைப் பரணில், வெயில் படாமல். காய்ந்ததா என்று பார்க்க நாக்குதான் கருவி. சுள்ளென்றால் இன்னும் ஆகவில்லை.

காய்ந்த கட்டி செய்யாத வேலை இல்லை. செம்பனைக் குலை வெட்டும் அப்பாவின் சட்டையில் ஏறிய பழச்சாற்றுக் கறையை அது ஒன்றுதான் கொஞ்சமாவது எடுக்கும். விறகடுப்பில் ஏற்றும் முன் சட்டியின் அடியில் பூசினால் கரி எளிதாகக் கழன்றுவரும். இறுகிப்போன சன்னல், மாட்டிக்கொண்ட மோதிரம், திறக்காத ஜிப் எல்லாவற்றுக்கும் அதுதான். ஒரு முறை தோட்டத்து லோரியின் எண்ணெய்த் தொட்டியில் ஓட்டை விழுந்தபோது, ஓட்டுநர் ஓடிவந்து அம்மாவிடம் ஒரு விள்ளல் சவுக்காரம் வாங்கிப்போய் அடைத்தார். அந்த அடைப்பு மூன்று நாள் தாங்கியது.

அந்த ஆண்டு கட்டிகளின் மேல் அம்மா கீறிய தேதி 28.10.

அன்று கிண்டும்போது அம்மா நிறைய இருமினாள். சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, கம்பை என்னிடம் கொடுத்துவிட்டு, கொல்லைப் பக்கம் போய் இருமிவிட்டு வந்தாள். ஏழாம் நம்பர் வீட்டு அஞ்சலை அக்கா வேலியோரம் நின்று, "என்னாக்கா, சோடா நெஞ்சுக்குள்ள போய் ஒக்காந்துக்கிச்சா? மூஞ்ச அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டுக் கிண்டுலா!" என்று சிரித்தார். அம்மாவும் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. சோடாதான் உள்ளே போய்விட்டது என்று அந்த நொடியே முழுதாக நம்பினேன்.

நான்கு நாள் கழித்து அம்மாவைக் கிள்ளான் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். காசநோய் என்று என்னிடம் யாரும் சொல்லவில்லை. லோரியில் ஏறும் முன் அம்மா என் தலையைத் தொட வந்து, கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"எப்பம்மா வருவ?"

"பரண்ல இருக்குல்ல, அது காயறதுக்குள்ள வந்துருவேன். வெயில்ல வச்சுறாத, வெடிச்சுப்போயிரும்."

இந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு நான் ஒரு கணக்குப் போட்டேன். அம்மாவின் நெஞ்சில் இருப்பதும் கட்டியில் இருப்பதும் ஒரே சோடா. கட்டியில் குத்தல் நின்றால் அம்மாவின் நெஞ்சிலும் நின்றுவிடும். ஆகவே, தினமும் பள்ளி விட்டு வந்ததும் முக்காலி போட்டுப் பரணில் ஏறி, நாலாம் நம்பர் கட்டியை எடுத்து நக்குவேன். நாள்காட்டியில் கிழித்த தாளின் பின்புறம் தேதியைப் போட்டு, "அதிகம்", "கொஞ்சம்" என்று எழுதுவேன். நான் எழுதிய முதல் வரலாறு அதுதான்.

லயம் மாறிவிட்டிருந்தது. அப்பாவுக்கும் எனக்கும் எக்ஸ்ரே எடுத்து ஒன்றுமில்லை என்று சொன்னார்கள். அதை யாரும் நம்பவில்லை, அல்லது நம்பியும் பயம் போகவில்லை. பொதுக் குழாயில் நான் வாளி வைத்தால் அடுத்த வாளி நான்கடி தள்ளித்தான் நிற்கும். கல்லாங்காய் ஆட ஆளில்லாமல், வலக்கையும் இடக்கையுமாக நானே இரண்டு ஆளாக ஆடினேன். இடக்கை எப்போதும் தோற்றது.

அஞ்சலை அக்கா மட்டும் இரண்டு நாளுக்கு ஒருமுறை சோறும் குழம்பும் மங்கு என்கிற எனாமல் கிண்ணத்தில் கொண்டுவந்து எங்கள் வாசற்படியில் வைப்பார். வைத்துவிட்டுச் சாலைக்குப் போய் நின்றுகொண்டுதான் கூப்பிடுவார்.

"பாப்பா, சூடா இருக்கும்போதே தின்னுரு. உங்கப்பனுக்கும் வையி. அவரு பாட்டுக்கு வெறும் கோப்பியக் குடிச்சிட்டுக் காட்டுக்குப் போயிருவாரு."

"மங்க கழுவிக் கொண்டாறவா அக்கா?"

"வேணாண்டி கண்ணு. அங்கயே இருக்கட்டும். எனக்கும் சின்னப் புள்ளைங்க இருக்குல்ல."

அவர் அதை மறைக்காமல் சொன்னார். குரலில் கோபமும் இல்லை, வெறுப்பும் இல்லை. மங்குகள் எங்கள் அடுக்களையில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறின. ஆறு சேர்ந்ததும் அஞ்சலை அக்கா வாழை இலையில் கட்டிக்கொண்டுவர ஆரம்பித்தார்.

நவம்பர் பதினைந்தாம் தேதி, பத்தொன்பதாம் நாள், கட்டி குத்தவில்லை. மறுபக்கம் நக்கினேன். ஓரத்தில் நக்கினேன். வெறும் சவுக்காரச் சுவை. பிற்காலத்தில் படித்துத் தெரிந்துகொண்டேன்: காரம் முறிவதற்கு மூன்று வாரமே போதும், மீதி நாள் ஈரம் வற்றி கட்டி இறுகுவதற்கு. இது அன்று எனக்குத் தெரியாது. தீபாவளிச் சட்டையைப் போட்டு, தலைவாரி, சாலை முனையில் பஸ் நிற்கும் இடத்துக்குப் போனேன். கிள்ளானிலிருந்து வருபவர்கள் மாறி ஏறுகிற குவாலா சிலாங்கூர்ப் பக்கமிருந்து வந்த மூன்று பஸ்களைப் பார்த்தேன். மூன்றாவது பஸ்ஸிலிருந்து ஒரு மலாய்க்கார அம்மாள் கோழிக் கூடையோடு இறங்கி, என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார். மழை வந்தது. வீட்டுக்கு வந்து, அன்றைய தாளில் "கொஞ்சம்" என்று எழுதினேன். நாற்பது ஆண்டுகளாக நான் வைத்துவரும் குறிப்புகளில் தெரிந்தே எழுதிய பொய் அந்த ஒன்றுதான்.

கடைச் சவுக்காரம் தீர்ந்த ஒரு மாலையில் அப்பா பரணை எட்டி ஒரு கட்டியை எடுத்தார். அவர் அதிகம் பேசாத மனிதர். அம்மா போன பிறகு அதுவும் குறைந்திருந்தது. நான் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தேன்.

"எடுக்காதப்பா. அது இன்னும் ஆகல."

"ஆகலியா? நாளாச்சே."

"இன்னும் குத்துது. நெசமா."

அம்மா வருவதற்குள் அந்தக் கட்டி நனைந்துவிட்டால் அவள் சொன்ன சொல் முறிந்துபோகும் என்பது என் பயம். அப்பா என்னைப் பார்த்தார். பிறகு கட்டியை நாக்கில் வைத்தார். கொஞ்ச நேரம் வைத்திருந்தார்.

"ஆமாலா," என்றார், வாசலுக்குப் போய்த் துப்பிவிட்டு. "சுள்ளுங்குது. கெடக்கட்டும்."

கட்டியை அது இருந்த இடத்திலேயே, நம்பர் தெரியும்படி திருப்பி வைத்தார். பழச்சாறு காய்ந்து விறைத்த சட்டையை அன்று வெறும் தண்ணீரில் அலசிப் போட்டார். அவரும் பொய் சொன்னார் என்பதை உணரும் வயது எனக்கு வருவதற்குள் அவர் போய்விட்டார்.

நாற்பத்தெட்டாம் நாள், டிசம்பர் பதினாலு, வந்து போனது. நான் பஸ்ஸுக்குப் போகவில்லை.

அம்மா வந்தது 1985 ஜனவரியில், பொங்கலுக்கு மூன்று நாள் இருக்கும்போது. பள்ளி விட்டு வரும்போது வீட்டுக் கதவு திறந்திருந்தது. அடுக்களையில் நின்றிருந்தாள். இளைத்திருந்தாள், ஆனால் இருமவில்லை. நான் ஓடிவருவதைப் பார்த்துக் கையை நீட்டித் தடுத்தாள்.

"நில்லு பாப்பா. மொதல்ல அத எடு."

பரணிலிருந்து நாலாம் நம்பர் கட்டியை எடுத்து நீட்டினேன். "நீ நக்கிப் பாரும்மா."

அம்மா தலையை ஆட்டினாள். "நான் வாய் வைக்கக் கூடாது. பத்து வீட்டுக்கும் போறது. நீயே பாத்துச் சொல்லு."

நக்கினேன். "ஆயிருச்சும்மா."

இரண்டு கைகளையும் முழங்கை வரை அந்தக் கட்டியால் தேய்த்துக் கழுவினாள். நுரை கிளம்பியதும் அடுக்களையில் முறுக்கு வாசனை. ஈரக் கையை அப்படியே என் தலையில் வைத்தாள். தண்ணீர் நெற்றியில் வழிந்தது. துடைக்க எனக்கு மனம் வரவில்லை.

மறுநாள் காலை எல்லாரும் குழாயடியில் நிற்கிற நேரமாகப் பார்த்து, அம்மா அஞ்சலை அக்காவின் ஆறு மங்குகளையும் அங்கே கொண்டுபோய், எல்லாரும் பார்க்க, எங்கள் கட்டியால் தேய்த்துக் கழுவி வெயிலில் கவிழ்த்தாள். பிறகு ஒவ்வொரு வாசலுக்கும் அந்தந்த நம்பர்க் கட்டியை என்னிடம் கொடுத்தனுப்பினாள். ஏழாம் நம்பர் வாசலில் மங்குகளை வைத்து, அதன்மேல் கட்டியை வைத்தேன். சாயங்காலம் வரை ஒன்பது வாசலிலும் ஒன்பது கட்டி அப்படியே இருந்தது. மழை வரும்போல் இருக்க, அம்மா என்னை அனுப்பினாள்: "நனைஞ்சு கரைஞ்சுரும், எடுத்தாந்துரு." எட்டுக் கட்டிதான் இருந்தது. ஏழாம் நம்பர் வாசலில் மங்குகள் அப்படியே இருந்தன, சவுக்காரத்தைக் காணோம்.

அடுத்த நாள் குழாயடியில் அஞ்சலை அக்கா தன் மகனின் பள்ளிச் சட்டையைக் கல்லில் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். லயத்துக்கே கேட்கிற குரலில் சொன்னார்: "யக்கா, போன வருசத்துக்கு இந்த வருசம் நொர கூடத்தான் வருது! ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்து கைராசி ஏறிப்போச்சு ஒனக்கு!"

அம்மா வாளியைத் தூக்கிக்கொண்டு வேகமாக வீட்டுக்கு வந்து, கதவுக்குப் பின்னால் நின்று அழுதாள்.

மற்ற எட்டுக் கட்டிகள் எங்கள் வீட்டிலேயே தேய்ந்தன. அந்த ஆண்டுத் தீபாவளி நவம்பரில் வந்தது. நான் வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன். ஒரே ஒரு பால்மாவு டின் வந்தது. மேலே கரியால் 7. அம்மா அதையும் எங்கள் எண்ணெயையும் கலந்து இரண்டே கட்டி ஊற்றினாள். பெட்டி பெரிதாக இருந்ததால், நடுவில் ஒரு பலகைத் துண்டை நிறுத்தி, மீதி இடத்தைக் காலியாக விட்டாள்.

அந்த லயம் இப்போது இல்லை. இடித்த இடத்தில் மறுநடவு செய்த செம்பனைகளே வெட்டிச் சாய்க்கும் வயதுக்கு வந்துவிட்டன; குழாயடியின் சிமெண்டுத் தரை மட்டும் புல்லுக்குள் கொஞ்சம் தெரிகிறது. அஞ்சலை அக்கா மகனோடு வேறு ஊருக்குப் போய், அங்கேயே காலமானார் என்று தாமதமாகக் கேள்விப்பட்டேன். அப்பா இல்லை, அம்மாவும் இல்லை. நாள்காட்டித் தாள்களில் பாதியைக் கரையான் தின்றது போக, அந்தப் பொய் எழுதிய தாள் மிஞ்சியிருக்கிறது.

நான் ரவாங்கில் அடுக்குமாடி வீடொன்றில் தனியாக இருக்கிறேன். எங்கள் மாடியிலும் பத்து வீடுகள். நம்பர் மட்டும்தான் தெரியும். முறுக்கைக் கடையில் வாங்காமல் நானே சுடுகிறேன். இந்தத் தீபாவளிக்கும் சட்டியில் மிஞ்சிய எண்ணெயை இரண்டு முறை வடிகட்டி, போத்தலில் ஊற்றி, மூடியின் மேல் தேதியும் என் வீட்டு நம்பரும் எழுதினேன். பிறகு அதைக் கையில் வைத்துக்கொண்டு, மூடிய ஒன்பது கதவுகளுக்கு எதிரில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு உள்ளே வந்தேன்.